மிதிப்பெட்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது?



வழக்கமாக வல்லினம் மிகுமிடம், மரபுத்தொடர், கட்டுரைப் பயிற்சி என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்று மின்கித்தாரின் மிதிப்பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இரவு பதினொரு மணிக்கு மேல் கித்தார் வாசித்து விடுதிக் காப்பாளரிடம் இருமுறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் நான். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கடந்த தீபாவளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் அமர்ந்திருந்தவன் இப்போது பேரங்காடி ஒன்றில் பகுதிநேர வேலை செய்துகொண்டே படிக்கிறான். முறுக்கைக் கடித்தபடி பைக்குள்ளிருந்து பச்சை நிற மிதிப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர், டி.எஸ்.9. அதை 'மோட்' செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 380 வெள்ளி கொடுத்திருக்கிறான். பழைய டி.எஸ்.808 பெட்டியின் 'அசல் குரல்' கிடைக்கும் என்பது வாக்குறுதி.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஐயா. நண்பர்கள் எல்லாரும் பிரமாதமாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் காது சரியில்லை போலிருக்கிறது. கித்தாரை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன்," என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. 380 வெள்ளி போனால் போகட்டும், மூன்று மாத மிகுதிநேர வேலையில் திரும்ப வந்துவிடும். தன் காதின்மேல் வைத்திருந்த நம்பிக்கையை ஓர் இளைஞன் இழப்பது வேறு கணக்கு. பிழைத்திருத்தத் தாளில் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு "எனக்குத் தமிழ் வராது, ஐயா" என்று சொல்லும் பிள்ளையின் முகமும் அவன் முகமும் ஒன்றுபோலவே இருந்தன.

அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். செய்யப்பட்டிருந்த மாற்றங்கள் மொத்தம் மூன்று. பழைய சில்லு நீக்கப்பட்டு, ஒரு தாங்கியில் ஜே.ஆர்.சி. 4558டி சில்லு செருகப்பட்டிருந்தது. வெளியீட்டுப் பகுதியில் இரண்டு மின்தடைகள் மாற்றப்பட்டிருந்தன. பற்றாசு வேலை மிகத் தூய்மையாக இருந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அவன் காதில் எந்தக் குறையும் இல்லை. காது சரியாக இருந்ததால்தான் வித்தியாசம் தெரியவில்லை! எப்படி என்று விளக்குகிறேன்.

மின்கித்தாரின் கம்பி அதிர்வதால் எழும் மின்சைகை மிகச் சிறியது. டி.எஸ்.9 பெட்டிக்குள் ஆப்-ஆம்ப் எனப்படும் சில்லு அதைப் பெருக்குகிறது. 'டிரைவ்' திருகை முழுமையாகத் தணித்தால் ஏறத்தாழ 12 மடங்கு, முழுமையாக முறுக்கினால் ஏறத்தாழ 118 மடங்கு. பெருக்கப்பட்ட சைகை வெளியேறும் இடத்திலிருந்து உள்ளே திரும்பும் வழியில் இரண்டு சிலிக்கான் டையோடுகள் எதிரெதிர்த் திசையில் வைக்கப்பட்டுள்ளன. மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்ட முயன்றதும் அவை கடத்தத் தொடங்கி அலையின் உச்சிகளை மழுக்கிவிடுகின்றன. மழுங்கிய அலையில் மூல அதிர்வெண்ணின் மடங்குகளான சீரிசைகள் புதிதாகப் பிறக்கின்றன. நாம் 'ஓவர்டிரைவ்' என்று கேட்டு மயங்கும் கரகரப்பு அதுதான். தொண்டை கட்டிய நாகசுர வித்துவானின் குரல் போன்றது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை, இருந்தாலும் மறக்க முடியவில்லை.

இனி முக்கியமான இடம். பெருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் 4.7 கிலோ ஓம் மின்தடையோடு 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று தொடராக இணைந்துள்ளது. அவ்விரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லைக்கோடு போடுகின்றன. அதற்கு மேலுள்ள ஒலிகளுக்கு முழுப் பெருக்கம் கிடைக்கும். கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். கித்தாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய கம்பியை மீட்டினால் 330 ஹெர்ட்ஸ். அப்படியானால் ஆறு திறந்த கம்பிகளின் அடிப்படைச் சுரங்களும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கின்றன! டையோடுகளுக்கு அடுத்து வரும் சுருதிநிறத் திருகின் முன்னால் 1 கிலோ ஓம் மின்தடையும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருக்கின்றன. கணக்குப் போட்டால் அதுவும் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ், ஆனால் இது மேலுள்ளதைத் தணிக்கும் எல்லை. கீழேயும் மேலேயும் கத்தரித்ததால் நடுப்பகுதி மட்டும் புடைத்து நிற்கிறது. டியூப் ஸ்க்ரீமரின் குரல் என்று உலகம் சொல்வது இந்தப் புடைப்பைத்தான்.

இப்போது மாணவனின் மூன்று மாற்றங்களுக்கு வருவோம்.

டி.எஸ்.808 பெட்டியின் வெளியீட்டில் 100 ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகள் இருந்தன. டி.எஸ்.9 பெட்டியில் 470 ஓம், 100 கிலோ ஓம். இவ்விரு பெட்டிகளின் சுற்றுகளுக்கிடையே பெரிதாகச் சொல்லப்படும் வேறுபாடு இதுவே. ஒலிபெருக்கியின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் பத்து இலட்சம் ஓம். அதன்முன் 100 ஓம் இருந்தால் என்ன, 470 ஓம் இருந்தால் என்ன? அந்த மின்தடைப் பிரிப்பால் வரும் ஒலியளவு வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. திருகைத் தெரியாமல் சுண்டுவிரல் தட்டினால் அதைவிட அதிகம் மாறும்.

சில்லு? அதைப் பற்றிய புராணங்கள் ஏராளம். 4558 என்பது விலை மலிந்த, பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட சாதாரண இரட்டை ஆப்-ஆம்ப். எத்தனையோ வீட்டு ஒலிக்கருவிகளில் அது இருந்திருக்கிறது. தொடக்ககால டி.எஸ்.808 பெட்டிகள் சிலவற்றில் ஜப்பானிய ஜே.ஆர்.சி. சில்லுக்குப் பதிலாக டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஆர்.சி.4558பி இருந்தது. அதன் முதுகில் 'மலேசியா' என்று பொறிக்கப்பட்டிருந்ததால் சேகரிப்பாளர்கள் அதை 'மலேசியச் சில்லு' என்றே அழைக்கிறார்கள்! அந்நிறுவனம் 1972-இல் கோலாலம்பூரில் ஆலை தொடங்கியது. நம் நாட்டின் சில்லு ஆலைகளில் எத்தனை அக்காக்களும் சித்திகளும் நுண்ணோக்கிக்கு முன் குனிந்து முறைவேலை பார்த்தார்கள் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். என் சித்தியும் அப்படி ஓர் ஆலையில் பதினோராண்டுகள் வேலை செய்தார். இன்று அமெரிக்காவில் யாரோ ஒருவர் அந்தப் பழைய சில்லைத் தேடி அலைகிறார் என்று சொன்னேன். "அதுக்கு இவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சிருந்தா நாலு எடுத்து வச்சிருப்பேனே," என்று சிரித்தார். மின்தேக்கிகளையும் டையோடுகளையும் விட்டுவிட்டுச் சில்லை மட்டும் தெய்வமாக்குவது எனக்குப் பொருந்தாத செயலாகத் தோன்றுகிறது. மிதமான பெருக்கத்தில், அதுவும் டையோடுகள் அலையை இப்படி மழுக்கும் இடத்தில், நல்ல நிலையிலுள்ள ஒரு சில்லுக்கும் இன்னொன்றுக்கும் இடையேயான நுண்ணிய வேறுபாடுகள் கேட்கும் அளவுக்கு எஞ்சுவதில்லை.

சொல்வதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தேன். கையால் வாசித்தால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மாறும். ஆகவே ஒரு சிறு பகுதியைப் பெட்டியே இல்லாமல் கணினியில் பதிந்து, அதே பதிவை மிதிப்பெட்டி வழியாக மீண்டும் மீண்டும் ஓட்டினேன். திருகுகளை ஒட்டுத்தாளால் அசையாமல் ஒட்டிவிட்டேன். முதலில் பழைய சில்லு, பிறகு புதிய சில்லு. பிறகு சில்லைத் தொடாமல் அந்த 0.047 மின்தேக்கியை மட்டும் 0.1 ஆக மாற்றிப் பதிந்தேன். ஒலியளவைச் சமப்படுத்தி, பள்ளி ஓய்வறையில் சக ஆசிரியர்கள் ஐவருக்கு எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டேன். சில்லு மாற்றத்தில் அவர்கள் சொன்னது காசு சுண்டிப் போட்டதற்கு ஒப்பாகவே இருந்தது. மின்தேக்கி மாற்றத்தை, கித்தாரையே தொட்டறியாத கணித ஆசிரியை முதற்கொண்டு, நால்வர் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள். ஐந்தாமவர் தேநீரில் கவனமாக இருந்தார். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மாணவனுக்குக் காட்ட இது போதுமானதாக இருந்தது. அவனும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மின்தேக்கி மாறிய இடத்தில் உடனே கையைத் தூக்கினான்.

0.1 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த எல்லைக்கோடு 720-லிருந்து ஏறத்தாழ 339 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஒலியில் உடனே உடம்பு பிடிக்கிறது. இதன் விலை ஒரு வெள்ளியை எட்டாது. கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மின்னணு உதிரிப்பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் ஒரு பிடி அள்ளித் தருவார்கள். சிலர் 0.22 வரை போகிறார்கள், அப்போது கோடு 154 ஹெர்ட்ஸ். என் கருத்தில் அது மிகை. தாழ்சுரங்களை அதிகமாகப் பெருக்கி அதன்பின் மழுக்கினால் ஒலி சேறாகிவிடும், நாண்களின் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு பயனுள்ள மாற்றம் டையோடு. இரண்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு டையோடைத் தொடராகச் சேர்த்தால் அலையின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு உயரத்தில் மழுங்கும், இரட்டைப்படைச் சீரிசைகள் சேரும். பாஸ் நிறுவனத்தின் எஸ்.டி.1 பெட்டி 1981 முதலே இந்தச் சமச்சீரற்ற முறையில்தான் இயங்குகிறது. சிலிக்கானுக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைப் போட்டால் மழுங்கும் எல்லை ஏறத்தாழ 1.7 வோல்ட்டுக்கு உயரும். ஒலி பெரிதாகும், இறுக்கம் தளரும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் மெல்லிய ஒலியளவில் வீட்டில் வாசிப்பவருக்குக் கரகரப்பே போதவில்லை என்று தோன்றும்.

இவ்வளவு அறிவுரை சொல்லும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பாவச்செயல். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் ஓர் இன்னிசைக் குழுவில் கித்தார் வாசித்தவர். திருமண மண்டபங்கள், கோயில் திருவிழா மேடைகள் என வார இறுதிகளில் ஊர் ஊராகச் செல்வார். 1997-இல் தம் முதல் ஆண்டு போனஸ் பணத்தில் ஒரு டி.எஸ்.9 வாங்கினார். 2009-இல் அவர் வெளியூர் சென்றிருந்தபோது, அவருக்கு இன்ப அதிர்ச்சி தருவதாக எண்ணிக்கொண்டு, அவரைக் கேட்காமலேயே அதைத் திறந்தேன். நான் வைத்திருந்தது தகரம் ஒட்டும் 60 வாட் சூட்டுக்கோல். ஈயம் உறிஞ்சும் குழாய்கூட இல்லை. சில்லின் எட்டுக் கால்களில் நான்கைக் கழற்றுவதற்குள் பலகையின் செப்புத் தடம் இரண்டு இடங்களில் உரிந்து வந்துவிட்டது. பெட்டி ஊமையாகிவிட்டது. மறுநாள் அவர் திரும்பினார், அன்றிரவே அவருக்கு மேடை. கித்தாரை நேராக ஒலிபெருக்கியில் செருகி வாசித்துவிட்டு வந்தார். திட்டவில்லை. ஒன்றரை மாதம் என்னோடு பேசவும் இல்லை. அம்மாவின் திதியன்றுதான் "தம்பி, இலையை எடு," என்றார்.

அதன்பிறகு உரிந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி இணைத்து அதை உயிர்ப்பிக்க எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. அந்த எட்டு மாதங்களில்தான் சுற்றுப்படத்தைப் படிக்கக் கற்றேன். நாற்பது ஆண்டுப் பழமையான இந்தச் சுற்றை ஆர்.ஜி. கீன் என்பவர் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கி எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்வரை நான் பெட்டியின் வயிற்றைப் பார்த்திருந்தேனே தவிர அது எப்படிச் செரிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே பெட்டியைத் திறக்க விரும்புவோர் முதலில் ஒரு பழைய, உடைந்த வானொலியின் பலகையில் கழற்றி மாட்டிப் பழகுங்கள். 25 அல்லது 30 வாட் சூட்டுக்கோல் போதும். ஒரே இடத்தில் மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். மின்கலத்தைக் கழற்றிய பிறகே தொடுங்கள். ஈயம் கலந்த பற்றாசு என்றால் காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, முடிந்ததும் கையைக் கழுவிவிட்டே சோற்றில் கைவையுங்கள். கழற்றிய பாகங்களை எறியாதீர்கள். சிறு நெகிழிப்பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். மிதிப்பெட்டியை மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. பழையதற்குத் திரும்பும் வழி இல்லாமல் மாற்றுவதையே எதிர்க்கிறேன். 'அசலைத் தொடவே கூடாது' என்று கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் கூட்டத்தோடும் எனக்கு உறவில்லை. ஸ்டீவி ரே வான் டி.எஸ்.808, டி.எஸ்.9, டி.எஸ்.10 என மூன்றையும் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தினார். எதை மிதித்தாலும் அவர் குரல் அவருடையதாகவே இருந்தது.

பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவோரையும் நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. கைவேலைக்குக் கூலி உண்டு. எதை மாற்றினேன், அதனால் எந்த அதிர்வெண்ணில் என்ன நிகழும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 'கதகதப்பு', 'ஆன்மா', 'ஒளிபுகும் தன்மை' என்ற சொற்கள் மட்டுமே விடையாக வந்தால் பணப்பையை மூடிவிடுங்கள். கவிதைக்கு அச்சொற்கள் அழகு. 380 வெள்ளிக்கு அவை போதா.

மாணவனின் பெட்டியில் அன்று மாலையே 0.1 மின்தேக்கியைப் போட்டோம். பற்றாசு வைத்தது அவன்தான், நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். முதல் இணைப்பு குளிர்ந்துபோய் மங்கலாக இருந்தது, இரண்டாம் முறை பளபளத்தது. கித்தாரை விற்கும் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கதை இங்கே என் கட்சிக்குச் சாதகமாக முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அண்ணன் வந்தார். அவருடைய பழைய டி.எஸ்.9 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இம்முறை முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டு, அதிலும் 0.1 போட்டு வைத்திருந்தேன். இருபது நிமிடம் வாசித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் மகனை பேஸ் கித்தாரிலும் பக்கத்து வீட்டுத் தம்பியை மின்விசைப்பலகையிலும் உட்காரவைத்து அதே பாடலை மீண்டும் வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"தனியா வாசிக்க இது சரி, தம்பி. குழுவோட வாசிச்சா பேஸ்காரன் இடத்துல நான் போய் உட்கார்ந்துக்கிறேன். பழசையே போட்டுரு."

மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. தாழ்சுரங்களைக் கத்தரிக்கும் அந்த 720 ஹெர்ட்ஸ் கோட்டை இத்தனை ஆண்டுகள் நான் ஒரு குறையாகவே கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். மேடையில் பேஸ் கித்தாருக்கும் முரசுக்கும் இடம்விட்டு, பாடகரின் குரலுக்குப் பக்கத்தில் கித்தார் தனியே கேட்பதற்கு அதுவே வழிசெய்கிறது. என் வீட்டுக் கூடத்தில் தனியே அமர்ந்து வாசிப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? நெகிழிப்பையிலிருந்து பழைய 0.047-ஐ எடுத்து அன்றிரவே மாட்டிக் கொடுத்தேன். மாணவன் இன்னும் எந்தக் குழுவிலும் சேரவில்லை. அவன் பெட்டியில் 0.1 அப்படியே இருக்கிறது, பழைய மின்தேக்கியை உள்ளே ஒட்டி வைத்திருக்கிறான்.